நிறம் இல்லாத பவுடர்

எட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு.
நம்பரை எழுதிக்கொண்டு
குழந்தைக்குப் பூசுவதுபோல் மெல்லப்
பூசினார்கள் பினாப்தலின்.
வெள்ளைதான். வாசனை கிடையாது.

மீன்வளத் துறையிலிருந்து சாட்சிக்கு வந்தவர்
ஒரு நோட்டைத் தொட்டு
கண்ணாடி டம்ளரில் விரலை விட்டார்.
தண்ணீர் பஞ்சுமிட்டாய் ஆனது.
"டம்ளர்ல இன்னா சார்?"
"சோடியம் கார்பனேட்" என்றார் ஏட்டு.
பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
வண்ணாரப்பேட்டையில் பிறந்தவளுக்குச்
சலவைச் சோடாவை
அறிமுகம் செய்கிறார்கள்.

ஏட்டு தமாஷ் பேர்வழி.
"அந்தக் காலத்துல இது பேதி மாத்திரைம்மா.
துன்னவன் வெளியே தள்ளித்தான் ஆவணும்.
இப்பவும் அதே வேலைதான்."
யாரும் சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன், பயத்தில்.

மூன்று மெஷின் வாங்கிவிட்டேன்,
பயிற்சி டாக்டர்களின் கோட்டு
வாரத்துக்கு நூற்றுப் பத்து வருகிறது,
கேட்டது ஒரு த்ரீ பேஸ் கனெக்‌ஷன்.
ஐந்து மாதம் நடந்தேன்.
போர்மேன் நாகபூஷணம்
மரியாதையாகத்தான் கேட்டார்:
"பாத்து செய்யும்மா."

அவர் வாயால் கேட்க வேண்டும்,
நானாக நீட்டக் கூடாது,
கொடுத்ததும் கொண்டையை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.
மறுநாள் பதினொன்றே கால்.
எச்சில் தொட்டு எண்ணினார்.
ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தரம்
விரல் நாக்குக்குப் போய் வந்தது.
அன்று ராத்திரி அவர் வயிறு என்ன பாடுபட்டதோ.

அவிழ்த்தேன்.
நாலு பேர். கதவு. டம்ளர்.
வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று.
சட்டையைக் கழற்றச் சொல்லிப்
பையை வெளியே இழுத்து முக்கினார்கள்.
பனியனோடு நின்றார்.
மேசையில் கிடந்த சட்டையின் காலருக்குள்
அழியாத மையில் மூன்று புள்ளி, ஒரு கோடு.
நான் போட்ட குறி.

கடைக்கு வந்தேன்.
தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுவே கேட்டதுபோல் இருந்தது.
பழக்கத்தில், ஊறவைத்த தொட்டியில் கையை விட்டேன்.
விரல் நுனியிலிருந்து
நூல் நூலாய்க் கிளம்பியது
அதே பஞ்சுமிட்டாய்.

கார்ப்பரேஷன் லைசென்சுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
ரேஷன் கார்டில் பேர் ஏற முந்நூறு.
மாமியாரின் இறப்புச் சான்றிதழுக்கு
டீ செலவு இருநூறு.
அப்போதும் இதே தொட்டியில்தான் கை கழுவினேன்.
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

வாசலில் திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சையை
அறுத்துக் கையில் பிழிந்தேன்.
சிவப்பு போய்விட்டது.
நகக்கண் மட்டும் எரிந்தது.

த்ரீ பேஸ் அடுத்த வாரமே வந்தது.
கேஸ் வர ஆறு வருஷம்.

கோர்ட்டில் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்கள்.
அரக்கு இருந்தது, லேபிள் இருந்தது,
சாட்சியின் கையெழுத்து இருந்தது.
நிறம் இல்லை.
நாளானால் அப்படித்தான் என்று
நிபுணர் ஏதோ சொன்னார்.
எதிர்த்தரப்பு வக்கீல் என் பக்கம் திரும்பி,
"அமுலு அம்மா, நல்லா பாத்துச் சொல்லுங்க,
இது வெறும் தண்ணிதானே?
சாயம் எப்படி வெளுக்கும்?"

கேட்பது
வண்ணாரப்பேட்டைக்காரியிடம்.