இரண்டரை மணி நேரம்

மார்ச் மாதக் கூட்டத்தில் கஸ்ஸான் கேட்டார்:
ஏன் ஆள் சேரவில்லை?
வெள்ளைப் பலகையில் ஒரு கோடு வரைந்தார்.
படிக்கட்டில் உருண்ட குடம் மாதிரி
இறங்கிக்கொண்டே போனது அது.
நான் தேநீரில் மிதந்த ஆடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபகாஹீல் கடைத்தெருவில் பெட்டி விற்கிறவன் நான்.
டிவி நிகழ்ச்சியைப் பதிந்துவைக்கும் பெட்டி.
ஐந்நூறு மணி நேரம் கொள்ளும்,
மாதம் மூன்றே முக்கால் தினார்.
"ஓடுவதை நிறுத்துங்கள், விரும்பும்போது தொடருங்கள்"
என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது.
பத்து வருடமாக நிறுத்திவைத்த வாழ்க்கையோடு
கடைக்குள் வருகிறவர்களிடம்
அதை வாய்விட்டுப் படிக்கக் கூச்சம்.

நான் வேறு மாதிரி சொல்வேன்.
அண்ணே, சென்னையில் ஒன்பது அடிக்கும்போது
இங்கே ஆறரை. அப்போது எங்கே இருப்பீர்கள்?
"பஸ்ஸில்தான். செவன்த் ரிங் ரோட்டில்."
அந்த இரண்டரை மணி நேரத்தைத்தான் விற்கிறேன்.
சிரிப்பார்கள்.
சிலர் வாங்குவார்கள்.

கஸ்ஸானிடம் சொன்னேன்:
மஹ்பூலாவில் ஓர் அறைக்கு எட்டுப் பேர்,
உங்கள் கணக்கில் ஒரே ஒரு சந்தாதாரர்.
தவசி பதிந்துவைத்த குத்துச்சண்டையை அழித்துவிட்டு
லாரன்ஸ் ஜெபக்கூட்டம் பதிந்தான் என்று
மூன்று நாள் அந்த அறையில்
சோறு இரண்டு அடுப்பில் வெந்தது.
பெட்டிக்குள் எட்டு அலமாரி கொடுங்கள், எட்டுப் பெயரில்.
தலைக்கு அரை தினார். எட்டு அரை நாலு,
உங்களுக்கே கால் தினார் லாபம்.
சம்பளம் ஏழாம் தேதி, பில் ஒன்றாம் தேதி, அதை மாற்றுங்கள்.
லீவில் ஊருக்குப் போகும் இரண்டு மாதம் கேட்காதீர்கள்.

அவர் எழுதிக்கொண்டார்.
என் பெயரை மட்டும் தப்பாக.

பிறகு இருதயசாமியைப் பற்றியும் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

ஏசி டக்ட் போடுகிறவர். பெட்டி மிகப் பழையது,
உள்ளே விசிறி மாவு மில் மாதிரி இரையும்.
புதியது இலவசம் என்றேன், வேண்டாம் என்றார்.
ஏன் என்று போட்டுக் காட்டினார்.
நேயர் விருப்பம். தொகுப்பாளினி கேட்கிறாள்,
"யாருக்காக இந்தப் பாட்டு?"
போனில் ஒரு குரல்:
"குவைத்துல இருக்காரு. பாப்பாரான்னு தெரியல.
இந்நேரம் பஸ்ல வந்துட்டிருப்பாரு."
பதினான்கு நொடி.
பாட்டு தொடங்குமுன் நிறுத்திவிட்டார்.
இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.
திரையின் ஓரத்தில் இருந்த தேதியை
விரலால் ஒருமுறை தொட்டார்.
நான் கேட்கவில்லை.

நாலு வருடமாக வேறொன்றும் பார்ப்பதில்லை.
சந்தா மட்டும் தவறவில்லை.
தவறினால் முப்பதாம் நாள்
பெட்டி தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

அதனால், என்றேன்,
போனவர்களின் பதிவுகளைப் பூட்டாதீர்கள்.
பூட்டாத கடைக்குத்தான் ஆள் நம்பி வரும்.

கூட்டம் அமைதியானது. கஸ்ஸான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவருக்கும் பெய்ரூட்டில் யாரோ
இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் விளம்பரம் வந்தது, ஐந்து மொழியில்.
"உங்கள் அன்புக்குரியவரின் குரல் எங்களிடம் பத்திரம்.
இன்றே புதுப்பியுங்கள்."
பூட்டும் கெடு முப்பது நாளிலிருந்து பதினைந்து.
எட்டு அலமாரி பற்றிப் பேச்சே இல்லை.
கோடு ஏறியது.
எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.

அன்றிரவே மஹ்பூலாவுக்குப் போனேன்.
டிவிக்கு முன்னால் என் போனைப் பிடித்து
அந்தப் பதினான்கு நொடியைப்
படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்,
விசிறி இரைச்சலும் சேர்த்து.
இனிமேல் கட்ட வேண்டாம், அண்ணே.
சரி என்றார்.

அடுத்த வாரம் கடையில் வந்து நின்றார்.
மூன்று தினார் தாள்கள், முக்கால் தினார் சில்லறை.
போனில்தான் இருக்கிறதே என்றேன்.
"அது நீ எடுத்தது" என்றார்.

ரசீது எழுதினேன்.
வெள்ளிக்கிழமை, பஸ் இல்லாத நாள்.
மணி ஆறரை.