எழுபது லிட்டர்

குழாய் வெடித்தபோது பெரிய சத்தமெல்லாம் இல்லை.
காய்ந்த சட்டியில் தண்ணீர் தெறித்தது போல ஒரு சீறல்.
தூக்கிய வாளி பாதியில் தொய்ந்தது.
முன்கண்ணாடி முழுக்கத் தேன் நிறம்.
எத்தனை நொடியில் எஞ்சினை அணைத்தீர்கள் என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
நான்கு என்று எழுதினேன்.
ஒன்பது இருக்கும்.

சாரேமா தீவில் மண் என்பது ஒரு சாண்.
இந்தக் குவாரி ஓரத்தில் அதுவும் இல்லை,
நாலு விரற்கடை,
அதைப் பிடித்துக்கொண்டு ஜூனிப்பர் புதர்கள்.
கீழே டோலமைட்,
டோலமைட்டில் வெடிப்பு,
வெடிப்புக்குள் தண்ணீர்.
அது எந்த வீட்டுக் கிணற்றுக்குப் போகிறதென்று
தண்ணீருக்கே தெரியாது.

தைமோ இரண்டு மூட்டை பீட் தூளோடு ஓடிவந்தான்.
சதுப்பில் ஆயிரம் வருஷம் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்த பொருள்.
ஒருமுறை வறுத்துவிட்டால்
அப்புறம் தண்ணீரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை,
எண்ணெயை மட்டும் குடிக்கிறது.
கொட்டினோம். கருத்தது. அள்ளினோம்.
மறுபடி கொட்டினோம்.

இயந்திரத்தால் தோண்டக் கூடாது என்றாள் விர்வே.
குரெசாரேயிலிருந்து வந்திருந்தாள்,
கார் பின்னால் ஒரு பெட்டி நிறைய ஊறுகாய்ப் பாட்டில்கள்.
வாளிப் பல் பட்டால் பாறை இன்னும் வாய் திறக்கும்,
கையால் எடுங்கள்.
ஒரு தடவைக்கு இரண்டு டன் அள்ளுகிறவன்
மத்தியானம் முழந்தாளிட்டுக்
கேன்டீன் தேக்கரண்டியால்
வெடிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

சோதனை சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி.
பாட்டிலில் ஒரு பிடி மண், பாதி தண்ணீர், மூடி, குலுக்கல்.
வெயிலுக்கு நேரே பிடிப்பாள்.
வானவில் தெரிந்தால் இன்னும் தோண்டு.
அன்றைக்கு நான் பார்த்த வானவில்களுக்குக் கணக்கில்லை,
ஒன்றுகூட மழையோடு வந்ததில்லை.

எட்டாவது பாட்டில் தெளிவாக இருந்தது.
தைமோ சிகரெட் பற்றவைக்கப் போனான்.
ஒன்பதாவதில் மறுபடி.

அந்தக் குழாய் ஒரு வாரமாக வியர்த்துக்கொண்டிருந்தது.
மாற்றட்டுமா என்று கேட்டவன் தைமோ,
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றவன் நான்.
கறுப்பு நாடா சுற்றினேன், நாலு சுற்று.
தும்பை விட்டுவிட்டு
வாலுக்குப் பின்னால் தேக்கரண்டியோடு ஓடுகிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
தைமோ தன் கையால் 'தேய்மானம்' என்று எழுதினான்.
என்னைப் பார்க்கவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒய்ல்மே வீட்டுக் கிணறு முந்நூறு மீட்டர் தள்ளி.
வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.
தினமும் ஆறு கேன் தண்ணீர் கொண்டுபோய் இறக்குகிறேன்.
ஆட்டுக்கு நாலு, அவளுக்கு இரண்டு.
திட்டினால் பரவாயில்லை.
கேனைக் கழுவி
மூடியைத் தனியாகத் துடைத்துத்
திருப்பித் தருகிறாள்.

எடுத்த மண் பதினொரு டன்.
எழுபது லிட்டருக்குப் பதினொரு டன்.
கழிவு முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே குவித்து,
உரம் தூவி, கொஞ்சம் ஈரம் காட்டி வைத்திருக்கிறார்கள்.
கண்ணுக்குத் தெரியாத வாய்கள் தின்று தீர்க்குமாம்,
காற்று மட்டும் கொடுக்க வேண்டுமாம்.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட
யாராவது வேண்டும் என்றார்கள்.
சனிக்கிழமை எனக்கு விடுமுறை.

மண்வெட்டி இறங்கும்போது உள்ளேயிருந்து சூடு வருகிறது,
பால் கறந்த மாட்டின் விலாப் பக்கம் போல.
முதல் மாதம் கராஜ் வாசனை.
ஜூலையில் ஏதோ புளித்த வாசனை.
ஆகஸ்டில் ஒரு மண்புழு.
அது அங்கே பிறந்ததா, வழி தவறி வந்ததா, தெரியவில்லை.
விர்வேயிடம் சொன்னேன்.
புழு அறிக்கையில் வராது என்றாள்,
ஆனால் குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் கேட்டேன்,
பழைய படிவத்தில் ஓர் எண்ணைத் திருத்த முடியுமா,
ஒரு காரணத்தையும்.
பேனாவைக் கொடுத்தாள்.

பிறகு பாட்டிலைக் குலுக்கி வெயிலில் பிடித்தாள்.
ஓரத்தில் மீன் செதிள் அளவு ஒரு மினுக்கம்.
போதாதா என்றேன்.
அடுத்த மாதம் என்றாள்.