நடக்கிற கறை

பிச்சம்பாளையம் கம்பெனியில்
எனக்கு வேலை செக்கிங்.
டியூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து
எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, அறுந்த நூல்
எது கண்ணில் பட்டாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
பதினோரு வருசத்தில்
எந்தக் கறையும் என்னைக் கண்டு நடந்ததில்லை.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த ஆடிக் காற்று
ஜன்னல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த மத்தியானம்,
குழந்தைச் சட்டையின் தோள் தையலில் ஒரு புள்ளி.
கடுகில் பாதி.
ஸ்டிக்கரோடு போன என் விரலைப் பார்த்து
ஓர் எட்டு தள்ளி வைத்தது.

இழை எண்ணும் கண்ணாடியை எடுத்தேன்.
பழுப்பு முதுகு.
இரண்டு ஓடும் சேரும் இடத்தில்
ஓவர்லாக் அடித்த மாதிரி கருத்த கோடு.
முதுகெங்கும் பூனைமயிர்,
குளிர்நாட்டுக்குப் போகிற துணியில் இருக்குமே, அது.
பாடப் புத்தகத்துப் பொறிவண்டுக்குச்
சிவப்புச் சட்டை, ஏழு பொட்டு.
இதற்குப் பொட்டே கிடையாது.
பொட்டே இதுதான்.

பக்கத்து டேபிள் சபிதா
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாசம்.
"என்னக்கா பேரு?"
எனக்குத் தெரியவில்லை.
அவள் ஊர்ப் பேச்சில் ஒன்று சொன்னாள்.
அதுவும் பேர் இல்லை,
'சின்னது' என்று அர்த்தமாம்.

விரல் நுனியில் ஏற்றிக்கொண்டு
கம்ப்ரசர் ஷெட்டுக்குப் பின்னால் போனேன்.
அங்கே ஒரு செம்பருத்தி.
மாவுப்பூச்சி அப்பி, கொழுந்தெல்லாம் சுருண்டு.
போன சனிக்கிழமைதான் வாட்ச்மேன் ராக்கியண்ணன்
"ஏனுங் அம்மிணி, அக்கட்டால ஊதித் தள்ளுங்க" என்றார்.
பஞ்சு ஊதுகிற ஏர் கன்னால் ஊதினேன்,
வெள்ளை வெள்ளையாய்ப் பறந்தது.

மிச்சம் இருந்த வெள்ளையில்
ஒரு வெள்ளை மட்டும் விறுவிறுவென்று நடந்தது.
உடம்பெல்லாம் மெழுகு இழை தொங்க
ஒரு மாவுப்பூச்சியின் முட்டைப் பையைப் பிரித்து
உள்ளே தலையை விட்டது.
காவலுக்கு நின்ற எறும்பு
கொம்பால் ஒருமுறை தடவிவிட்டு
நம்ம ஆள்தான் என்று போனது.
ஐடி கார்டைக்கூடக் கேட்கவில்லை.

என் விரலில் இருந்ததன் பிள்ளை அது.
அன்றைக்கு நான் ஊதித் தள்ளியதில்
அது எத்தனை, இது எத்தனை?

எட்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வரும்போது
எங்கள் தலையில், இமையில், காது மடலில் பஞ்சு.
பஸ்ஸில் சீட்டு இருந்தும்
எல்லாம் ஒரே ரகம் என்று
தள்ளி உட்காருவார்கள்.

அப்புறம் டீ நேரமெல்லாம் அங்கேதான்.
தின்று முடித்த குட்டி
இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டது.
சொந்தத் தோலையே போர்த்திக்கொண்டு
ஒரு வாரம் அசையவில்லை.
செத்துவிட்டது என்றாள் சபிதா.
புதன்கிழமை தோல் பிளந்து வந்தபோது
சாயம் ஏறாத துணி மாதிரி
வெளிறிய மஞ்சள்.
ஷிப்ட் முடிவதற்குள் பழுப்பு ஏறிவிட்டது,
பட்டறை இல்லாமல்,
நொய்யலுக்கு ஒரு சொட்டு விடாமல்.

ஆவணியில் பையர் ஆடிட்.
வளாகம் பளிச்சென்று இருக்கணும் என்று உத்தரவு.
மருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு
ராக்கியண்ணன் வந்தார்.
"செக்கிங் ஆச்சுங்க. பாஸ்" என்றேன்.
அவருக்குச் சிரிப்பு.
மேனேஜர் ஜன்னலுக்குத் தெரிகிற பாதிக்கு அடித்தார்.
அந்தப் பாதி இப்போது சும்மா நிற்கிறது.
இந்தப் பாதியில்
யாரோ யாரையோ தின்றுகொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கும் ஒரு பனியனில்,
இடது கை மடிப்பில், ஒரு புள்ளி.
ஸ்டிக்கரை விரலில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

எண்ணெய்க் கறைதான்.