ஜூலையை பிப்ரவரியில் விசாரித்தார்கள்

டெலாய் ரென்ஃப்ரோ தன் வண்டியின் பின்னறையில்
இறைச்சியில் குத்திப் பார்க்கிற வெப்பமானியைக்
கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தான், பார்சல்களுக்கு நடுவே.
டோலிடோ, லக்ராஞ்ச் தெரு, மதியம் இரண்டு இருபது,
நூற்றிருபத்தெட்டு டிகிரி.
அதன் முகப்பில் எண்களோடு படங்களும் உண்டு:
கோழிக்கு இவ்வளவு, பன்றிக்கு இவ்வளவு.
முள் நின்ற இடத்தில் ஒரு மாட்டுத் தலை,
அடியில் பொடி எழுத்தில் ‘அரைவேக்காடு’.
மனிதனுக்கு அதில் கோடு போடவில்லை.

நூற்று நாற்பத்தோராவது வீட்டில்
நாய்த்தீனி மூட்டையை இறக்கியவன்
கூடவே தானும் இறங்கினான், புல்லின்மேல்.
அந்த வீட்டுப் பெண் தோட்டக்குழாயை அவன்மேல் திருப்பிவிட்டாள்.
இடுப்பிலிருந்த கருவி கேட்டது:
பதினொரு நிமிடம் அசைவில்லை. காரணம்?

அப்போது எனக்கு இரண்டாம் மாதம்.
நான் இரண்டாம் அடுக்கு,
அதாவது அதே வண்டி, அதே படிக்கட்டுகள், அதே நாய்கள்,
மணிக்கு ஆறு டாலர் கம்மி.
போன ஒப்பந்தத்தில் யாரோ எதற்கோ விட்டுக்கொடுத்தது.
டெலாய் அன்று வாக்களித்தான்.
எந்தப் பக்கம் என்று நான் கேட்டதில்லை.
பல்லுக்குக் காப்பீடு ஓராண்டு முடிந்தபின்தான்.
இடது பக்கமாகவே மென்று பழகிக்கொண்டேன்.

சங்கப் பிரதிநிதி வெர்னா பவ்லாக்.
இருபத்தாறு வருடம் ஓட்டியதில்
வலது முழங்கால் கம்பெனிக்குப் போயிற்று,
இடது இன்னும் அவள் பெயரில் இருக்கிறது.
மனுவை பென்சிலால் அழுத்தி எழுதினாள்:
வெள்ளைத் தாள் அவர்களுக்கு,
மஞ்சள் சங்கத்துக்கு,
இளஞ்சிவப்பு டெலாய்க்கு.
கோபத்துக்கு அதில் கட்டமில்லை, மணி மட்டும் சொல் என்றாள்.

முதல் படியில் மேலாளர் ஹாஸ்காம்ப் சொன்னார்,
கருவி தரச்சான்று பெறாதது.
இரண்டாம் படியில் கோப்பைக் காணோம்.
மூன்றாம் படிக்குத் தேதி கிடைத்தபோது
மௌமி ஆறு உறைந்து கிடந்தது.

ஜூலையை பிப்ரவரியில் விசாரித்தார்கள்.
அறையில் ஹீட்டர் பழுது;
கோட்டுகளோடு உட்கார்ந்திருந்தோம், சாட்சிகளும் அவர்களும்.
வெர்னா வெப்பமானியை மேசைமேல் வைத்தாள்.
முள் எல்லா மிருகங்களுக்கும் கீழே படுத்திருந்தது.
கம்பெனி வக்கீல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
“இது சரியாகக் காட்டும் என்பதற்கு என்ன ஆதாரம்?”
“உங்களுக்குக் குளிர்கிறதா?”
“ஆமாம்.”
“அப்படியானால் சரியாகத்தான் காட்டுகிறது.”

தீர்ப்பு இல்லை, சமரசம்.
டெலாய்க்கு அன்று வெட்டிய ஐந்து மணிநேரக் கூலி,
வண்டிக்கு ஒரு மின்விசிறி,
‘இது எதற்கும் முன்னுதாரணமாகாது’ என்றொரு வரி.
அதை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

விசிறிகள் வியாழக்கிழமை வந்தன,
எங்கள் பெல்ட்டில்தான், எங்கள் கைகள் வழியாகத்தான்.
அறுபத்திரண்டு பெட்டிகள். நானே ஸ்கேன் செய்தேன்.
பெறுநர் கையொப்பம் கேட்டது கருவி;
டெலாய் போட்டான்.
வெளியே கணுக்காலளவு பனி.
ஒன்றைப் பிரித்து, செருகி, ஓடவிட்டு
கம்பளிக் குல்லாயோடு அதன் முன்னால் நின்றான்.

“உன் ஆறு டாலர்,” என்றான், என்னைப் பார்க்காமல்.
“நான் சரி என்றுதான் போட்டேன்.
ஓய்வூதியம் பிழைக்கும் என்றார்கள்.”

விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருந்திருக்கலாம்.
நேரே வெர்னாவிடம் போய் ஒரு படிவம் கேட்டேன்.
“ஒப்பந்தத்தை மீறினால்தான் மனு.
இது மீறல் இல்லை, ஒப்பந்தமே இதுதான்.
இதற்கு வாக்கு. இன்னும் பதினெட்டு மாதம்.”
ஆனாலும் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்,
மூன்று நிறமும் ஒட்டியபடி.

டெலாய் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
பல்லுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.