கோணக் கோபுரம்

மூன்று பென்சில்கள் கொடுத்தார்கள்.
சிவப்பு: இப்போது போகும் வழியிலேயே, கூரைகளின் மேல்.
நீலம்: ஏரிக்கரையோடு, கூழைக்கடா இறங்கும் பாதையை அறுத்துக்கொண்டு.
பச்சை: சாலைக்கு அடியில் கேபிளாக. பதினொரு மடங்கு செலவு.
பச்சையைச் சீவ வேண்டிய தேவையே வரவில்லை.

இருநூற்று இருபது கிலோவோல்ட். ஐம்பத்தெட்டு வயது.
பழைய வரைபடம் பெங்களூருவின் கிழக்கு விளிம்பு என்று சொல்லும் இடம்
இன்று எதற்கும் விளிம்பில்லை.
ராகி விளைந்த நிலத்தில் கோபுரம் நட்டார்கள்;
பிறகு கோபுரத்தைச் சுற்றி வீடு விளைந்தது.
கம்பிக்குக் கீழே மனை பாதி விலை.
"முழு விலைன்னா நாங்க எங்க வாங்கறது" என்கிறார் சலோமி.
முப்பத்தேழாம் எண்ணின் வடகிழக்குக் கால்
அவர் சமையலறை மூலையில் இறங்குகிறது.
அதில் ஆணி அடிக்க முடியாது. காந்தம் ஒட்டும்:
கேஸ் ரசீது, ரேஷன் அட்டை,
லேமினேட் செய்த மார்க் ஷீட், மகன் ரெனால்டுடையது.
"மழையில முணுமுணுக்கும்.
சர்ச் மைக்கை விடக் குறைச்சல்தான்."

லைன்மேன் ருத்ரப்பா எதையும் வாயால் விளக்க மாட்டார்.
இரவு ஒன்பதுக்குக் கம்பிக்கு நேர் கீழே கூட்டிப்போய்
ஃப்யூஸ் போன டியூப் ஒன்றைக் கையில் தந்தார்.
எதனோடும் இணைக்காத டியூப்
என் விரல்களுக்கு மேலே பாலாய் வெளுத்தது.
"நோடி மேடம்."
அவ்வளவுதான் பாடம்.

பகலில் அளந்தேன்.
காலை ஏழுக்கு, மாடித் தரையிலிருந்து கம்பி ஏழு மீட்டர் பத்து.
பிற்பகல் மூன்றுக்கு, ஊரே ஏசி போட்ட பிறகு, ஐந்து எண்பது.
சூடேறினால் அலுமினியம் நீளும், நீண்டால் தொய்யும்.
எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில் யாருக்கோ குளிர
இங்கே வானம் மார்பளவு இறங்குகிறது.
அந்த மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

நேர்கோடுதான் மலிவு.
நேரே போகும் கோபுரம் ஐந்து டன்.
கோடு திரும்பும் இடத்தில் நிற்பது
இரண்டு பக்க இழுப்பையும் தாங்க வேண்டும்: பதினொரு டன்.
"வளைவுன்னா செலவு" என்பார் செயற்பொறியாளர் காமத்.
தேநீரில் பிஸ்கட்டைக்கூட நேராகத்தான் நனைப்பார்.

ஆனால் பழைய லைனில் ஒரு வளைவு இருக்கிறது.
நாற்பத்தொன்றில். பதினேழு டிகிரி.
போய்ப் பார்த்தேன். ஒதுங்கிப்போக அங்கே ஒன்றுமில்லை:
டூவீலர் சர்வீஸ், அபார்ட்மென்ட் பார்க்கிங், மூடிய ஏடிஎம்.
கோவில் இல்லை, கிணறு இல்லை, சமாதியும் இல்லை.

ரெக்கார்டு அறையில் நூல் பிரிந்த கட்டு ஒன்று.
தட்டச்சில் ஒரு வரி:
மனுதாரர் முனிவெங்கடம்மா கேட்டுக்கொண்டபடி
லைன் தெற்கே நகர்த்தப்படுகிறது. காரணம்,

அதற்குப் பிறகு பூச்சி அரித்திருந்தது.

என்ன சொன்னாரோ.
எவ்வளவு நேரம் வராந்தாவில் நின்றாரோ.
கேட்டார் என்பது மட்டும்
ஐம்பத்தெட்டு வருடமாக எஃகில் நிற்கிறது.

சிவப்புப் பென்சிலைச் சீவினேன்.
முப்பத்தாறில் ஒன்று, முப்பத்தெட்டில் ஒன்று,
ராஜகாலுவேயின் மேலே போய், பழைய வளைவில் சேரட்டும் என்றேன்.
இருபத்தாறு வீடு தப்பும்.
நாலு மாதம். ஏழு கூட்டம்.
காமத் ஒரு வளைவு தந்தார்.
பதினாலு தப்பும். பன்னிரண்டு தப்பாது.
கோடு விலகத் தொடங்குவதற்கு முன்பே
முப்பத்தேழு வந்துவிடுகிறது.

நானே போய்ச் சொன்னேன்.
முனிவெங்கடம்மாவையும் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை;
மன்னிப்பு கேட்கத் தெரியாதவர்கள் கதை சொல்வார்கள்.
மூன்று மணி. மேலே கம்பி இறங்கிக்கொண்டிருந்தது.
சலோமி கோபுரத்தின் காலிலிருந்து
காந்தங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்,
அவசரமே இல்லாமல்,
இன்றைக்கே காலி செய்யச் சொன்னதுபோல.

"நீங்க காரணம் எழுதினீங்களா?"

எழுதினேன். இரண்டு பக்கம்.

மார்க் ஷீட்டைப் புடவையில் துடைத்தார்.
"லேமினேட் பண்ணி வைங்க."