பாதுகாவலர் கையொப்பம்

மேசையில் இரண்டு படிவங்கள்.
ஒன்று மாலபேயில் இருந்து. தடித்த தாள்.
முழுப் புலமைப்பரிசில், விடுதி,
வருடத்துக்கு இரண்டு சோடி பூட்ஸ்.
மற்றது அம்மாவின் கெம்பஸ்.

அதை அம்மா கையால் தரவில்லை.
உதவிப் பயிற்றுநர் நிமேஷாவிடம் கொடுத்தனுப்பியிருந்தா.
ஒரே வீடு, ஒரே குளியலறை,
ஒரே பற்பசைக்குச் சண்டை,
ஆனாலும் உறையின் மேல்
'செல்வி டெஸ்மலா அந்தோனிப்பிள்ளை'
என்று அவவின் சாய்ந்த எழுத்து.
காலையில் அதே கை
'டெசி, பாண் முடிஞ்சுது' என்று
ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டியிருந்தது.

மைதானத்தில் அவ மிஸ்.
எட்டு வயதிலேயே பழகிவிட்டேன்.
கேட்டுக்கு உள்ளே மிஸ், வெளியே அம்மா,
கேட்டில் நிற்கும்போது
வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் இறுதிப்போட்டியில்
எழுபத்தொரு நிமிடம் என்னை பெஞ்சில் வைத்தா.
மழை. பின்னால் இருந்த பிள்ளைகள் கதைத்தது கேட்டது:
'அவட அம்மாதானே, அதான் இறக்கேல்ல.'
அதற்கு முந்தின வருடம் முழுக்க ஆடினேன்.
அப்போதும் அதே பிள்ளைகள், அதே குரல்:
'அவட அம்மாதானே, அதான் இறக்கினவ.'
நான் அடித்த கோல்களை
எந்தக் கணக்கில் எழுதுவது
என்று எவருக்கும் தெரியவில்லை.
எனக்கும்.

அன்று ஆமர் வீதிச் சந்தி வரைக்கும்
பஸ்ஸில் ஒரு சொல் இல்லை.
இறங்கியதும் ஃபலூடா வாங்கித் தந்தா.
அது மன்னிப்பா, சம்பளமா,
வெறும் ஃபலூடாவா?
கேட்கவில்லை. கசகசா தொண்டையில் சிக்கியது.

அப்பா துறைமுகத்தில் இரவு வேலை.
'எனக்கு ஓஃப்சைடே இன்னும் விளங்கேல்ல,
என்னட்டக் கேக்காதே' என்று
சாப்பாட்டுப் பெட்டியோடு தப்பிவிட்டார்.

வெளியே பல்கனிக் கம்பியில்
இருபத்திரண்டு மஞ்சள் மேலங்கிகள் சொட்டுகின்றன,
அம்மாவின் அணியினது.
கீழ்வீட்டு ஃபரீனா அக்கா
இன்றைக்கும் ஏசுவா.

உள்ளே அவ மேசையில் போத்தல் மூடிகளை அடுக்குகிறா.
சோடா மூடிகள் எதிரணி,
மருந்துப் போத்தல் மூடிகள் எங்கள் அணி.
இடது ஓரத்து நீல மூடி எப்போதும் நான்.
நான் குடித்த கிறைப் வோட்டருடையதாம்,
பத்தொன்பது வருடம் தொலையாமல் வைத்திருக்கிறா.
பழுதான மிக்சியைக்கூட
அவ இப்படி வைத்திருந்ததில்லை.

மாலபேப் படிவத்தை அவ முன்னால் வைத்தேன்.
கடைசிப் பக்கம், கீழே, புள்ளிக் கோடு.
பாதுகாவலர் கையொப்பம்.
அவவின் படிவத்திலும் அதே கோடு உண்டு,
ஆனால் அதற்குப் பக்கத்தில்
பயிற்றுவிப்பாளர் கையொப்பம் என்று இன்னொன்று.
இரண்டிலும் ஒரே பெயரை எழுதவேண்டி வரும்.
அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில்
ஒரு விரல் அகலம் இருக்கிறது.
இவ்வளவு காலமும் நான் விளையாடியது
அந்த இடத்தில்தான்.

இதையெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன்.
சொன்னது: 'வெள்ளிக்கிழமைக்கு முதல் குடுக்கோணும்.'

கண்ணாடியைத் தேடினா. தலையில் இருந்தது.
முதல் பக்கத்தில் இருந்து வாசித்தா,
காயக் காப்புறுதிப் பந்தியை இரண்டு தரம்.
பிறகு கையொப்பம் வைத்தா.
பேனை பாதியில் நின்றது. உதறினா. மறுபடி எழுதினா.
அது மைதான். வேறொன்றும் இல்லை என்று
எழுதி வைக்கிறேன்.

தாளைத் திருப்பித் தந்த கையோடு
நீல மூடியை எடுத்தா.
கொஞ்ச நேரம் விரலில் உருட்டினா.
மேசையின் அந்தப் பக்கம் வைத்தா,
சோடா மூடிகளோடு.
அதற்கு எதிரே
தன் ஆட்களில் ஒன்றை நகர்த்தினா.
யோசித்து
இன்னொன்றையும்.

எனக்கு இரண்டு பேர்!

சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அவ நிமிரவில்லை.
'இடது முழங்கால் இப்ப எப்பிடி?'
என்று மூடிகளைப் பார்த்தபடி கேட்டா.

கேட்டது யார் என்று யோசித்தேன்.
மிஸ்ஸா, அம்மாவா.
'ஒரு நோவும் இல்லை' என்றேன்.

அந்தப் பொய்யை
இரண்டு பேருக்குமே சொல்லலாம்.