பதினேழாம் எண் திரை

ஒத்தக்கடை தாண்டி, மேலூர் ரோட்டில் பள்ளி.
லேப் சன்னலில் யானைமலையின் முதுகு மட்டும் தெரியும்.
என் மேசைக் கணினியில்
முப்பத்தாறு பிள்ளைகளின் திரைகளும்
தீப்பெட்டிப் படம் அளவில்.
ஒன்றைத் தொட்டால் அது பெரிதாகும்.
தொடுவதற்குத்தான் சம்பளம்,
பதினோராயிரத்து ஐந்நூறு.

வியாழன், நாலாவது பீரியட்.
பதினேழில் பூவிழி.
எக்செல் கட்டங்களுக்குப் பின்னால்
ஒரு மெயில் திறந்திருந்தது.
கேம் ஆடுகிறாளோ என்று தொட்டேன்.

“அக்கா, உன் பச்சைச் சுடிதாரைக்
கால்மிதி தைக்க அம்மா வெட்டுச்சு.
பாதி வெட்டிட்டு மடிச்சு வச்சிருச்சு.”

அங்கேயே மூடியிருக்கலாம்.
அடுத்த வியாழனும் தொட்டேன். அதற்கடுத்ததும்.

அக்கா ஓசூரில். வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம்.
அவன் யார், எந்தத் தெரு என்பதெல்லாம்
மெயிலில் இல்லை,
அதைச் சொல்ல ஊர் இருக்கிறது.
வீட்டின் ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில்.
அவளுக்கென்று இருந்தது
வாரத்தில் நாற்பது நிமிஷம், என் லேப்பில்.

அப்பா ஒருநாள் வந்தார்.
மீசையெல்லாம் கிரானைட் தூசி.
செருப்பை வாசலிலேயே விட்டு நின்றார்.
“எல்லாம் உங்களுக்குத் தெரியுமாம்ல தம்பி.
யாருக்காச்சும் எழுதுதா?”

யூபிஎஸ் ஒருமுறை கூவி நின்றது.

“மூலிகை ப்ராஜெக்ட் செய்யுதுங்க.”

“எந்த ஒயர் வழியாப் போகும் எல்லாம்?”
மேசைக்கடியில் நீல ஒயரைக் காட்டினேன்.
புற்றுக்கண்ணைப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே
பதினேழின் பதிவுகளை மட்டும் அழித்தேன்.
தாளாளர் கேட்டால் கரண்ட் போனதென்று
சொல்ல வைத்திருந்தேன். கேட்கவில்லை.
போகிற வழியில்
இரண்டு புரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த நிறைவில்தான் வாய் தவறிவிட்டது.
வியாழக்கிழமை, வாசலில் ஷூ கழற்றியவளிடம்,
“காய்ச்சல் விட்டுருச்சாம்மா?”

“யாருக்கு சார்?”

யானைமலைப் பக்கம் ஒரு வேட்டுச் சத்தம்.
“உனக்குத்தான். போன வாரம் இருமுனியே.”

“நான் இருமலையே சார்.”

உள்ளே போய் உட்கார்ந்தாள்.
பதினேழு வெளிச்சமானது.
தொடக்கூடாதென்று
வலது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்,
அரை நிமிஷம் இருக்கும்.

“அக்கா, இங்க எழுதறத ஒருத்தர் படிக்கிறார்.
நல்லவர் மாதிரித்தான் தெரியுது.
இனிமே எழுதமாட்டேன்.
பாப்பா நெத்தியில துணி நனைச்சுப் போடு.”

மணி அடிக்க இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.
அவள் ஒவ்வொன்றாக மூடினாள்.
நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே
கணினியை அணைத்தாள்.
தூசி உறையைப் போர்த்தி
நாலு முனையையும் இழுத்துவிட்டாள்.
பிறகு கைகட்டி,
யானைமலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.